கண்மாய் அழியுது

தண்ணீருக்கே திண்டாடுகிற சீமையில் நீர்வாழ் பிராணிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிற பிழைப்பை, வாத்தியார் வேலையில் மாட்டிக்கொண்ட உங்களிடம்தான் சொல்லி அழ முடியும். அது யுத்த காலம். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளான என்னைப் பரளச்சிக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள்.

ஊருணியில் கால்

தலைப்பிரட்டையைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் பாடம் ஏறும் என்று பிள்ளைகளை ஊருணிக்கு அழைத்துப் போனேன். இறங்கச் சொன்னால் ஒருவனும் இறங்கவில்லை. பயந்தாங்கொள்ளிகள் என்று திட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி நானே முழங்கால் மட்டும் இறங்கினேன். எங்கள் ஊரில் குளம் என்றால் குளிக்கத்தானே? இங்கே ஊருக்கே குடிதண்ணீர் அதுதானாம், யாரும் கால் வைக்க மாட்டார்களாம். குடத்தோடு வந்த ஒரு பெண் கரையிலேயே நின்றுவிட்டார். “வாத்தியாரய்யா, சாயங்காலம் ஒங்களுக்கும் இதத்தேன் மோந்து தரணும்” என்றார்.

உயிர் காத்த வகுப்பு

இனி ஊருணிப் பக்கமே போவதில்லை என்றிருந்தபோது, “நாளைக்குக் கண்மாய் அழியுது சார்” என்று பிள்ளைகள் சொன்னார்கள். கரை உடையப் போகிறதாக்கும் என்று எனக்குப் பகீரென்றது. விடிந்ததும் வகுப்போடு ஓடினேன். வற்றிய சேற்றில் ஊரே இறங்கி மீன் பிடித்துக்கொண்டிருந்தது. போகிற உயிரில் நம்மால் ஆனதைக் காப்போம் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு பிள்ளைகளை இறக்கிவிட்டேன். நாலாம் வகுப்பு முத்துப்பேச்சி கைத்தண்டிக்கு ஒரு விரால் பிடித்து வந்தாள். செவுள், துடுப்பு எல்லாம் தொட்டுக் காட்டினேன். பிறகு பிள்ளைகள் பிடித்து ஒரு குடத்தில் சேர்த்த மீன் அத்தனையையும் பக்கத்துக் கிணற்றில் கவிழ்த்தேன்.

கைதட்டுவார்கள் என்று பார்த்தால் பிள்ளைகள் கிணற்றையே வெறித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் வற்றியதும் ஊர்ச் சனம் எல்லாரையும் மீன் பிடிக்க விடுவதைத்தான் இங்கே ‘அழியுது’ என்பார்களாம். வருஷத்துக்கு ஒரு நாள்தான். ரேஷனில் காலம் தள்ளுகிற வீடுகள். கடைசியில் நான் பங்கு வைத்துக் கொடுப்பேன் என்று நம்பித்தான் குடத்தில் போட்டிருக்கிறார்கள். நானும் மீன் தின்கிறவன்தான், அதுதான் இன்னும் கேவலம். முத்துப்பேச்சி அழவில்லை. “எங்கம்மா மசால் அரச்சு வச்சிட்டுப் பாத்துக்கிட்டிருக்கும் சார்” என்றாள்.

மீன் குழம்பு

மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். அரைத்த மசால் வீணாகக் கூடாது என்று அவள் அம்மா கத்தரிக்காயைப் போட்டு இறக்கியிருந்தார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார். கூசிக் குறுகி உட்கார்ந்து சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். எதிரே முத்துப்பேச்சி சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள். “மீன நெனச்சுக்கிட்டே சாப்பிடுங்க சார், நானும் அப்படித்தேன் சாப்பிடுறேன்” என்றாள்.

எனக்கு மட்டும் செவுள் இருந்திருந்தால், அன்றைக்கே அந்தக் கிணற்றுக்குள் குதித்து மீனோடு மீனாக ஒளிந்திருப்பேன்.