பல்லடம் சாலையில் ஒரு முழம்

பொங்கியண்ணனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. குண்டடத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் வேனை ஓட்டி வந்தார். இருபது வருடத்துக்கு மேல் ஸ்டீயரிங் பிடித்தவர், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. வேனில் வரும் பெண்கள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டரைக்குக் கம்பெனி கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்பதால், யாராவது ஓடி வருவது தெரிந்தால் ஹாரன் அடித்துக் காத்திருந்து ஏற்றிக்கொள்வார். அந்த நேரத்தைப் பல்லடம் தாண்டியதும் வேகத்தில் பிடிப்பார்.

அன்றைக்கு மாசி மாத வெயில் ஏறத் தொடங்கிய காலை. பல்லடத்துக்கு இந்தப் பக்கம், துணி ரோல் ஏற்றிய டெம்போ ஒன்று டயர் வெடித்து நின்றிருந்தது. ஓரத்தில் குழாய் பதிக்கக் குழி வெட்டிப் போட்டிருந்ததால் பாதி வண்டி தார்ச்சாலையிலேயே நின்றது. பின்சக்கரத்தருகே ஒருவன் குத்துக்கால் வைத்து நட்டு கழற்றிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு மரக்கிளையை ஒடித்து வைத்திருந்தான்.

எதிரில் பஸ் வந்தது. முன்சீட்டில் இருந்த சாரதாமணி, "மாமா, பஸ்ஸு போகட்டுமுங்க" என்றாள்.

"எடமிருக்குது கண்ணு" என்றார் பொங்கியண்ணன்.

பஸ்ஸுக்கும் டெம்போவுக்கும் நடுவில் வேன் நுழைந்தது. அந்த நொடியில் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பக்கக் கண்ணாடியின் இரும்புக் கம்பி அவன் தலையில் மோதிய சத்தம், தேங்காய் விழுந்ததுபோலத்தான் கேட்டது என்று சாரதாமணி பிறகு சொன்னாள்.

பொங்கியண்ணன் ஓடவில்லை. இறங்கி அவனை மடியில் போட்டுக்கொண்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவருடைய வேட்டி நனைந்துவிட்டது. பல்லடம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. செத்தவன் பெயர் முனீஸ், சாத்தூர்ப் பக்கத்துக்காரன், முப்பத்தொரு வயது. மனைவி நாகஜோதி திருப்பூர் ராயபுரத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை.

போலீஸ் கைது செய்தது, ஜாமீன் கிடைத்தது. வேன் முதலாளி தங்கவேலு வக்கீல் வைத்தார். வக்கீல் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "திடீர்னு ரோட்டுக்குள்ள வந்துட்டான்னு சொல்லிப் போடுங்க. மத்ததை நான் பாத்துக்கறன்." வேனில் இருந்த பெண்களுக்கும் சூப்பர்வைசர் மூலம் அதே பேச்சு போய்ச் சேர்ந்தது.

பொங்கியண்ணன் தலையாட்டிவிட்டு வந்தார். இருபது நாள் கழித்து, யாரிடமும் சொல்லாமல் நாகஜோதி இருந்த லைன் வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். யாரென்று சொன்னதும் கை நின்றது.

"என்னத்துக்கு வந்தீக?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"ஸ்டேஷன்ல சொல்றாக, அவுகளே வந்து விழுந்தாகன்னு. அவுக ரோட்டுல போயி விழுவாகளா? கிளை ஒடிச்சு வச்சுட்டு டயரு மாத்துன மனுசன். நாளைக்கு எம்புள்ள வளந்து கேக்கும். அப்பன் கண்ணு தெரியாமப் போயி விழுந்து செத்தான்னு காயிதத்துல இருந்தா, அதைத்தானே நம்பும்?"

உள்ளே குழந்தை இருமியது. அவள் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

வழக்கு வாய்தா வாய்தாவாக இரண்டு வருடம் இழுத்தது. குற்றச்சாட்டை வாசித்து, ஒப்புக்கொள்கிறீரா என்று நீதிபதி கேட்ட அன்று, பொங்கியண்ணன் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஆமாங்க சாமி. அந்தத் தம்பி ரோட்டுக்குள்ள வரலீங்க. பஸ்ஸு போற வரைக்கும் நான் நின்னிருக்கோணும். ஒரு முழம் தள்ளியாவது போயிருக்கோணும். நேரமாச்சுன்னு நுழைஞ்சுட்டனுங்க. முன்னால ஒக்காந்திருந்த புள்ள சொல்லியுங் கேக்கலீங்க."

வக்கீல் காகிதத்தை மூடி வைத்துவிட்டார். வெளியே பொங்கியண்ணனின் மனைவி குழந்தையம்மாள், "ஊட்டுல நானொருத்தி இருக்கறது உங்களுக்கு நெனப்பே வரலீங்களா?" என்று கேட்டு அழுதாள். அவர் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

தீர்ப்பு, ஆறு மாதம் சிறை. போலீஸ்காரர் அழைத்துப் போகும்போது படிக்கட்டருகே நாகஜோதி நின்றிருந்தாள். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்திருந்தது.

"உண்மையச் சொன்னீக" என்றாள். பிறகு, "அதுக்காக மன்னிச்சிட்டேன்னு நினைச்சிராதீக" என்றாள்.

"இல்லீங்க" என்றார் பொங்கியண்ணன்.

அவர் கோவைச் சிறையில் இருந்தபோது குழந்தையம்மாள் மாதம் ஒருமுறை இரண்டு பஸ் மாறி வந்து பார்த்தாள். தங்கவேலு வரவில்லை. வெளியே வந்தபோது வேனுக்கு வேறு டிரைவர் போட்டாகிவிட்டது. போடாவிட்டாலும் அவர் ஏறியிருக்கமாட்டார். அவிநாசி பக்கம் ஒரு பனியன் யூனிட்டில் இப்போது வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் துணியை மூட்டை கட்டுகிறார். பஸ்ஸில்தான் போகிறார். சாலையோரம் ஏதாவது வண்டி நிற்பது தெரிந்தால், பஸ் அதைத் தாண்டும்வரை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் வயதானவருக்குத் தலைசுற்றல் என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிடுவார்கள்.