தோளை விலக்கியவனுக்குக் கிடைத்த சொல்

நான் என் தோளை விலக்கினேன். அதனால் மாணிக்கத்தின் கால் நசுங்கியது. ஜெபக்கூட்டத்தில் என்னோடு முழங்கால் போடுகிறவர்களே, இதை மறைத்துவிட்டு ஆண்டவர் செய்த நன்மையைச் சொன்னால் அது பாதிச் சாட்சிதான்.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ரயில் பாதை, எண்ணூர் உப்பளம், ரங்கூன் கப்பலில் கரி அள்ளுவது என்று எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. கஷ்டம் வந்தால் கிளம்பிவிடுவேன். அப்படித்தான் ராயபுரத்து மரக்கிடங்குக்கு வந்து சேர்ந்தேன். பர்மா தேக்கைக் கயிற்றில் கட்டி, கம்பு செருகி, கம்புக்கு இரண்டு பேராகத் தூக்குவோம். முன்கம்பில் மாணிக்கமும் நானும் ஜோடி. அவன் "வுடு" என்று சொல்லும்வரை எவனும் தோளை எடுக்கக் கூடாது. அங்கே சட்டம் அது ஒன்றுதான்.

அன்று மழை பெய்து மரம் ஊறிக் கனத்தது. என் தோளில் புண்.

"நைனா, ரவ தாங்கிக்கோ, எடம் வந்துட்ச்சி," என்றான் மாணிக்கம்.

நான் தாங்கவில்லை. குரல்கூடக் கொடுக்காமல் குனிந்து வெளியே வந்துவிட்டேன். மரம் அவன் காலின்மேல் இறங்கியது. அவன் அலறினான். நான் ஓடினேன்.

தண்டவாளத்தை ஒட்டித் திருவொற்றியூர்ப் பக்கம் போகும்போது, "ஆண்டவரே, அவன் சாகக் கூடாது" என்று வேண்டினேன். அதே மூச்சில், என்னை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்றும் வேண்டினேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

வழியில் ஓர் ஓலைக் கொட்டகையில் ஜெபக்கூட்டம். மழைக்கு ஒதுங்கிக் கடைசியில் உட்கார்ந்தேன். உபதேசியார் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வேதத்தில் பொறுமை என்று நாம் வாசிக்கிற பல இடங்களில் மூலத்தில் இருப்பது ஹுபொமொனே என்னும் கிரேக்கச் சொல்லாம். கீழே என்பது அதில் ஒரு பாதி, தங்கியிருப்பது மறுபாதி.

"பாரத்துக்குக் கீழே விலகாமல் நிற்பதுதான் பொறுமை," என்றார் அவர். "இயேசு சிலுவையைச் சகித்தார் என்று சொல்லும் இடத்திலும் இதே வேர்ச்சொல்தான் இருக்கிறது."

அவருக்கு என்னைத் தெரியாது. மரக்கிடங்கில் நடந்ததும் தெரியாது. என் தோள் புண் தீயாய் எரிந்தது. எழுந்து ராயபுரத்துக்கே திரும்பி நடந்தேன்.

மாணிக்கத்தைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் வாசலில் அவன் மனைவி கன்னியம்மா என்னை மறித்தாள். "இன்னாத்துக்கு வந்தே? இன்னொரு காலு மிச்சம் கீதே, அத்தையும் ஒடிக்கவா?"

நான் வாசலைவிட்டு நகரவில்லை.

உள்ளே இருந்து மாணிக்கத்தின் குரல் வந்தது. "வுடு கன்னி. ஓடிப் போன பேமானி திரும்பி வந்து இப்பத்தான் பாக்கறேன்."

புண் அழுகினால் காலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலில்லாத சுமைகூலிக்கு ஏது பிழைப்பு? கட்டிலருகே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இவன் காலைக் காப்பாற்றும். காப்பாற்றாவிட்டாலும் இந்த முறை நான் விலகமாட்டேன்."

கிடங்கில் என்னைக் கடைசிக் கம்பில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூலியைக் கன்னியம்மாவிடம் கொடுத்தேன். மருந்து கட்டும் அறைக்கு அவனை முதுகில் சுமந்தேன்.

"இன்னா நைனா, தேக்கவிட நான் கனமா?"

"தேக்கு வாயத் தொறக்காதுடா."

ஜுரம் ஏறி ஏறி இறங்கியது. நான் அதே ஜெபத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் ஜுரம் விட்டது, புண் காய்ந்தது, கால் தங்கியது. அதிர்ஷ்டக்காரன் என்றார் டாக்டர். யாரிடம் கேட்டு வாங்கியது என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் அவன் காலை இழுத்துத்தான் நடக்கிறான். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் குற்றம் என் முன்னால் வந்து நிற்கிறது. ஆண்டவர் மன்னித்தார், மாணிக்கமும் மன்னித்தான். அந்தச் சத்தத்தை என் காதிலிருந்து எடுத்துவிடும்படி நான் ஜெபிப்பதில்லை. அதுவும் நான் கீழே நிற்க வேண்டிய பாரம்தான்.

மாணிக்கம் கிடங்குக்குத் திரும்பி வந்த அன்று கூட்டாளிகளிடம் என்னைக் காட்டி, "என் எடத்துல இவன நிறுத்துங்க. வுடுன்னு இனிமே இவன் சொல்லட்டும்," என்றான்.

"ஓடற கழுத கைல கவுறக் குடுக்கறியே!" என்று சிரித்தார்கள்.

"ஓடிப் போன எடம் தெரியும், திரும்பி வந்த வழியும் தெரியும். இவன்தான் சரி," என்றான்.

இன்றும் அந்த முன்கம்பின் கீழேதான் நிற்கிறேன். ரங்கூன் கப்பலின் சங்கு கேட்டால் கால் பரபரக்கத்தான் செய்கிறது. போவதில்லை. சுமையை நடுவழியில் விட்டு ஓடியவர்களே, பயப்படாமல் திரும்பி வாருங்கள். குனிந்து உள்ளே வந்து பாருங்கள். நாம் விட்ட இடத்தில் ஒருவர் ஏற்கனவே தோள் கொடுத்து நிற்கிறார்.