மீண்டும் முயற்சிக்கவும்

ஹட்டனில் ஒரு பெயின்ட் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். அலுவலகம் என்றால் இரண்டே பேர். நான் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். என் கூட்டாளி யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இங்கே வீடு எடுத்துத் தங்கியிருப்பவள். மென்பொருள் செய்து கொடுப்பது தொழில்.

நகரில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பத் தளம் ஒன்று செய்து கொடுத்திருந்தோம். தோட்டத்துப் பெண்கள் தையல், முதியோர் பராமரிப்பு, கணினி வகுப்புகளுக்குப் போனிலேயே விண்ணப்பிக்கலாம். தளத்தில் கோளாறு வந்தால் அதை உடனே பிடித்து எங்களுக்குச் சொல்ல ஒரு கண்காணிப்பு மென்பொருளும் தேவைப்பட்டது. வெளிநாட்டு நிறுவனங்களே அதைச் சேவையாகத் தருகின்றன. நிலையத்தின் பொறுப்பாளர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் நாங்களும் டீச்சர் என்றே கூப்பிடுவோம்.

"பொம்பளப் புள்ளைங்க விவரம். யாருன்னே தெரியாதவங்க மெஷின்ல போய் ஒக்கார வேணாம். நீங்களே வச்சுப் பாத்துக்கங்க."

அந்த மென்பொருளை எங்கள் கணினியிலேயே ஓட்டத் தொடங்கினோம். அது ஒரே துண்டு அல்ல. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிப் பெட்டி, கன்டெய்னர் என்பார்கள். பிழைச் செய்தியை வாங்க ஒன்று, வரிசையில் வைக்க ஒன்று, வாசித்துத் தரம் பிரிக்க ஒன்று, திரையில் காட்ட ஒன்று. முதல் சில நாட்கள் சின்னச் சின்னப் பிழைகள் வந்தன, திருத்தினோம். பிறகு திரை வெறுமையாகிவிட்டது. தளம் நன்றாக ஓடுகிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

விண்ணப்பத் திகதி முடியும் சமயத்தில் டீச்சர் பேசினார்.

"அக்கரப்பத்தனைத் தோட்டங்க பக்கம் இருந்து ஒண்ணுமே வரலைங்க. அங்க ஆசையில்ல போல. அவங்களுக்கு வச்ச எடத்த வேற யாருக்காவது குடுத்திடவா?"

கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். பக்கத்தில் இருந்த கூட்டாளி முகம் சுளித்தாள்.

"ஒரு பிழையும் வராத தளம் எங்கையும் இருக்கே? எனக்கு இது நம்பேலாமல் கிடக்கு."

அவள் கன்டெய்னர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். சிறிது நேரத்தில் கூப்பிட்டாள்.

"இஞ்ச வந்து பாரும். வாசிக்கிற கன்டெய்னர் விழுந்து விழுந்து எழும்புது. மெமரி காணாது."

வரிசையில் வைக்கும் பெட்டி தன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது. வாசிக்க வேண்டியதுதான் எழுந்த உடனே செத்துக்கொண்டிருந்தது. திரை வெறுமையாக இருந்தது பிழை இல்லாததால் அல்ல, பார்க்க ஆள் இல்லாததால்.

அன்று முழுக்க அதே வேலை. எங்களுக்கு வேண்டாத பகுதிகளை நிறுத்தினோம். அவள் வீட்டுக் கணினியில் இருந்து மெமரியைக் கழற்றி வந்து இதில் பொருத்தினாள். இந்தப் பெட்டிக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்தோம். பின்னேரம், வாசிக்கும் கன்டெய்னர் எழுந்து விழாமல் நின்றது. தேங்கிக் கிடந்ததெல்லாம் திரையில் இறங்கத் தொடங்கியது.

பெரும்பாலும் ஒரே பிழை. பெயர், அடையாள அட்டை எண் எதுவும் தெரியாதபடி முன்பே மறைத்திருந்தோம். தபால் ஊர் மட்டும் தெரிந்தது: அக்கரப்பத்தனை. அக்கரப்பத்தனை. மறுபடியும் அக்கரப்பத்தனை.

முகவரியைச் சரிபார்க்கும் பகுதி வேறொரு திட்டத்தில் இருந்து எடுத்துப் பொருத்தியது. வீட்டு இலக்கம் என்ற கட்டம் காலியாக இருந்தால் அது அப்படியே நின்றுவிடும். அவர்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு இலக்கம் ஏது? மற்றத் தோட்டங்களுக்கு நிலையத்து ஆட்கள் நேரில் போய், அந்தக் கட்டத்தில் ஏதோ ஓர் எண்ணைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அக்கரப்பத்தனைப் பெண்கள் தாங்களாகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் போனில் 'மீண்டும் முயற்சிக்கவும்' என்று வந்திருக்கிறது. அவர்களும் முயற்சித்திருக்கிறார்கள், திரும்பத் திரும்ப.

டீச்சரிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"நாளைக்கே போவோம்" என்றார்.

திருத்தத்தைப் போட்டுவிட்டு, நானும் அவரும் மறுநாள் அக்கரப்பத்தனைக்கு பஸ் ஏறினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தது, பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு, பிள்ளைகளை அழைத்துப்போகப் பெண்கள் தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக் காம்பராவுக்கு வரும் நேரம். டீச்சர் வகுப்புகளைப் பற்றிச் சொல்லி, யாராவது விண்ணப்பித்தீர்களா என்று கேட்டார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண்தான் வாயைத் திறந்தாள்.

"போட்டோங்க டீச்சர். போகல. எங்க போனு பழசு, அதான்னு நெனச்சோம். இந்தா நிக்கிறாளே இவ, நீ தமிழ்ல தப்பா அடிச்சிருப்பன்னு சொன்னா."

"போன் மேல தப்பில்லங்க" என்றேன். "நீங்களும் சரியாத்தான் போட்டிருக்கீங்க. தப்பு எங்க பக்கம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நாங்க போட்டது ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சுங்க. ஒவ்வொரு தடவையும். நாங்க பாக்கத்தான் நாளாயிருச்சு."

அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "பாத்தீங்களாடி, போயிருக்கு!"

எனக்குத் திட்டு கிடைக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். குழந்தையின் தொப்பியைச் சரி செய்தேன். அங்கேயே வாசலில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் போட்டார்கள். ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்தது. சிக்னல் பிடிக்க ஒருத்தி மட்டும் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி நின்றாள்.

டீச்சர் விண்ணப்பத் திகதியைத் தள்ளிப்போட்டார். குழந்தையோடு நின்றவள் முதியோர் பராமரிப்பு வகுப்பில் சேர்ந்தாள். அவளோடு பஸ்ஸில் வருவதற்கு ஒரு கூட்டமே இருக்கிறது.

கன்டெய்னர்கள் இன்னும் சில நாட்களில் மக்கர் செய்யத்தான் செய்கின்றன. இப்போது அவற்றில் ஏதாவது விழுந்தால் எங்கள் இருவர் போனிலும் மணி அடிக்கும்படி செய்துவிட்டோம். டீச்சரும் பழையபடி இல்லை. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. காலையில் அவர் குரலில் வருகிற முதல் கேள்வியே வேறு:

"போட்டுப் பாத்து முடியாமப் போனவங்க யாராச்சும் இருக்காங்களா? எந்தப் பக்கம்னு சொல்லுங்க, நான் கெளம்புறேன்."