கிராம சபையில் என் முதல் கையெழுத்து

இந்தியக் குடிமகள் என்ற சான்றிதழ் என் கைக்கு வந்தபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். என் கணவர் நாமக்கல் மாவட்டத்துக்காரர். ஈப்போவில் ஒரு தொழிற்சாலைக்கு எந்திரம் பழுது பார்க்க வந்த இடத்தில் என்னைப் பார்த்தார், பேசினார், கட்டிக்கொண்டார். கல்யாணமாகி இரண்டாம் வருடம் ஊரில் அவருடைய அப்பா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று இரண்டு பெட்டிகளோடு எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தோம். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது.

வந்த புதிதில் தமிழ் தெரிந்தும் திணறினேன். பண்ணையில் முட்டை பொறுக்க வந்த ஒரு பெண்ணிடம், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை அப்படித்தான் கேட்போம். அவளோ தன்னைச் சோற்றுக்கில்லாதவள் என்று நினைத்துவிட்டேனோ என்று சங்கடப்பட்டு, "எங்கூட்டுல சோத்துக்குக் குறைச்சல் இல்லீங்க" என்றாள். ரோட்டைச் சடக்கு என்று சொன்னேன், ஒருவருக்கும் புரியவில்லை. பேச்சை மாற்றிக்கொள்ள ஒரு வருடம் பிடித்தது.

ஊரார் என்னை ஒருநாளும் வேறுபடுத்தி நடத்தியதில்லை என்று சொன்னால் அது பொய். வேறுபடுத்தித்தான் நடத்தினார்கள், மிக நன்றாக. கல்யாண வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே எனக்கு நாற்காலி போடுவார்கள். மளிகைக் கடையில் எனக்கு முன்னால் நிற்கும் நான்கு பேர் ஒதுங்கி, "மலேசியாம்மா, நீங்க வாங்கிக்குங்க" என்பார்கள். நான் என்ன சொன்னாலும் ஆமாங்க என்று விடுவார்கள். மரவள்ளிக் கிழங்கை எங்கள் ஊரில் தேங்காயும் சர்க்கரையும் போட்டு ஆவியில் வேகவைத்துப் பலகாரம் செய்வோம் என்று ஒருமுறை விளக்கினேன். எல்லோரும், "அதுவும் நல்லாத்தான் இருக்குமுங்க" என்றார்கள். ஒருவரும் செய்து பார்க்கவில்லை. நல்லா இருக்காது என்று சொல்லவும் இல்லை. இத்தனை மரியாதைக்கு நடுவில் எனக்கு ஏன் தனியாக இருப்பதுபோல் இருக்கிறது என்று நாலைந்து வருடம் கழித்துத்தான் யோசிக்கவே ஆரம்பித்தேன்.

வந்த இரண்டாவது வருடம் சுதந்திர தினத்தன்று, கிராம சபைக் கூட்டம் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஊரே கூடி உட்கார்ந்து தலைவரைக் கேள்வி கேட்கலாம் என்று என் கணவர் சொன்னதை நான் நம்பவில்லை. நான் வளர்ந்த தோட்டத்தில் மானேஜரின் கார் வந்தால் என் அப்பா சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பார். கேள்வி கேட்பதைப் பற்றி யாரும் பேசியதில்லை. அதனால் பார்த்துவிடுவோம் என்று போனேன்.

சமுதாயக் கூடத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். ஊராட்சி செயலர் ஒரு நீள நோட்டை ஒவ்வொருவரிடமும் நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது நான் பேனாவைக்கூட வாங்கிவிட்டேன். பிறகு மனசு உறுத்தியது.

"நான் இன்னும் மலேசியா பாஸ்போர்ட்தானுங்க. போடலாமா?"

அவர் ஒரு நிமிடம் என்னையும் நோட்டையும் பார்த்தார். "வாக்காளர் பட்டியல்ல இருக்கறவங்கதான் போடணுமுங்க. நீங்க உக்காருங்க, டீ வருது, குடிச்சுட்டுத்தான் போகணும்" என்று பேனாவை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் பெருவிரலை மையில் ஒற்றி நோட்டில் பதித்தாள். அவளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். அதுவரை எனக்குக் குடியுரிமை என்பது விமான நிலையத்தில் எந்த வரிசையில் நிற்பது என்கிற விஷயமாக மட்டுமே இருந்தது.

அதற்குப் பிறகும் விண்ணப்பிக்கப் பல வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டப்படி இத்தனை வருடம் இங்கே தொடர்ந்து இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருந்தது. நாமக்கல்லுக்குப் போய் விசாவை நீட்டிப்பதும், ஜெராக்ஸ் கடையில் நிற்பதும் வருடாந்திர வேலையாயிற்று. கடைசியில் விண்ணப்பம் ஏற்கப்பட்டது, பழைய குடியுரிமையை விட்டுவிட்டு அதற்கான சான்றைக் கொண்டுவாருங்கள் என்று கடிதம் வந்தது.

அன்று ஈப்போவில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் செய்தேன். அவள், "அப்பா அம்மாவைப் புதைச்ச மண்ணு இங்கதான இருக்கு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அவளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி விடு, வரும்போது முறுக்கு கொண்டு வா, அங்கத்து முறுக்குதான் மொறுமொறுன்னு இருக்கு" என்றாள். சிவப்பு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கும் புதிய சான்றிதழுக்கும் இடைப்பட்ட சில வாரங்கள் நான் எந்த நாட்டுக்காரியும் இல்லை. "இப்ப உன்னை யாராச்சும் தூக்கிட்டுப் போனா எந்த நாட்டுக்குத் தகவல் சொல்றதுன்னே தெரியாது" என்று கணவர் சிரித்தார். நான் அந்த வாரங்களில் ஸ்கூட்டரைக்கூடப் பதனமாகத்தான் ஓட்டினேன்.

ஆட்சியர் அலுவலகத்தில் உறுதிமொழி வாசித்தேன். பிறகு பட்டியலில் பெயர் சேர்ந்தது. மார்கழிக் கடைசியில் வாக்காளர் அட்டை தபாலில் வந்தது. போட்டோவில் நான் யாரோ மாதிரி இருந்தேன். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு குடியரசு தினத்துக்குக் காத்திருந்தேன்.

அன்று காலை பனி இறங்கியிருந்தது. கொல்லிமலை இருக்கும் திசையில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. எட்டரை மணிக்கு ஊராட்சி அலுவலகத்தில் கொடி ஏற்றினார்கள். கொடிக்குள் சுருட்டி வைத்த சாமந்தி இதழ்கள் பொலபொலவென்று விழுந்தன. இத்தனை வருடம் தேசிய கீதத்துக்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். பாடினால் பொய் சொல்வதுபோல் இருக்குமோ என்று ஒரு கூச்சம். அன்று வாய்விட்டுப் பாடினேன். பாதியில் மாநிலங்களின் வரிசை குழம்பி, இரண்டாவதாக வர வேண்டியதை முதலில் சொல்லிவிட்டேன். பள்ளி வரிசையில் நின்ற என் மகள் தலையைத் திருப்பி முறைத்தாள். பாட்டு முடிந்ததும் ஆளுக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தார்கள், நானும் கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

பதினொரு மணிக்குக் கிராம சபை. அதே செயலர்தான் நோட்டோடு வந்தார், தலை மட்டும் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் தாண்டிப் போகப் பார்த்தார். நான் அட்டையை எடுத்து நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்க."

"அப்படீன்னா போடுங்க" என்று நோட்டைத் தன் முழங்காலில் வைத்து விரித்துப் பிடித்தார். நூற்றுப் பன்னிரண்டாவது வரிசையில் என் பெயரை எழுதினேன். பெரிதாக எழுதியதில் கடைசி எழுத்து அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது. செயலர், "பரவாயில்லீங்க" என்று நகர்ந்துவிட்டார். அவருக்கு இன்னும் ஐம்பது பேரிடம் வாங்க வேண்டியிருந்தது.

ஊராட்சித் தலைவர் ஒரு பெண். வரவு செலவைப் படித்து முடித்துவிட்டு, ஊருக்கு ஒரு சோலார் தெருவிளக்கு ஒதுக்கியிருக்கிறார்கள், எங்கே வைக்கலாம் என்று சபை சொல்லட்டும் என்றார். நான் எழுந்து நின்றேன்.

"எங்க பண்ணைக்குத் திரும்பற வளைவுல வைக்கலாமுங்க. ரோடு அங்க ஒரே பள்ளம். போன மழைக்கு நானே ஸ்கூட்டரோட விழுந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி வர்ற பொம்பளைப் பிள்ளைங்களும் அந்த வழியாத்தான் வருது."

வழக்கப்படி நாலு ஆமாங்க வரும் என்று எதிர்பார்த்து உட்காரப் போனேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. எங்கள் பண்ணைக்கு அடுத்த காட்டில் சின்ன வெங்காயம் போடும் அக்காவுடைய குரல். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பன்னிரண்டு வருடமாக என்னிடம் ங்க போடாமல் ஒரு சொல் பேசியதில்லை.

"அங்க எதுக்கம்மிணி வெளக்கு?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்.

"உங்க பண்ணையில கோழிக்கே பதினாறு மணி நேரம் வெளக்கு எரியுது. அந்த வெளிச்சமே வளைவு வரைக்கும் வருதே. தண்ணித் தொட்டிக்கிட்ட போய்ப் பாரு. விடியக்காலம் நாலரைக்குத் தண்ணி உடறாங்க. கும்மிருட்டு. போன மாசம் குடத்துப் பக்கத்துல கண்ணாடிவிரியன் கெடந்துச்சு. நீ என்னைக்காச்சும் அங்க தண்ணி புடிச்சிருக்கியா? உங்கூட்டுல போர் இருக்குது."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனால் உட்காரத் தோன்றவில்லை.

"கோழிக் கொட்டாய் வெளிச்சம் வளைவுக்கு வராதுக்கா. வந்திருந்தா நான் ஏன் விழறேன்?"

"நீ வேகமாப் போனா விழத்தான் செய்வே. உன் வண்டியை நாங்க பார்க்கறதில்லையா?"

"நான் இருபதுக்கு மேல போறதே இல்லை."

"இருபதா? எங்க ஆடு ரெண்டு தடவை பொழைச்சுது."

இப்போது தலைவரே சிரித்துவிட்டார். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் வளைவு என்றார், இன்னொருவர் தொட்டி என்றார், கோயில் முக்கு என்று மூன்றாவதாக ஒருவர் கிளப்பினார். என் முன்வரிசைப் பெண் திரும்பி, "நீங்க சொல்றது தப்புங்க மலேசியாம்மா, பொம்பளைப் பிள்ளைங்க இறங்கறப்போ இன்னும் வெளிச்சம் இருக்குதுங்க" என்றாள். தப்பு என்று இந்த ஊரில் என்னிடம் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் நின்றுகொண்டே இருந்தேன். கோபம் இருந்தது, உண்மைதான். அதற்கு அடியில் வேறொன்று பொங்கிக்கொண்டு வந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்லத் தெரியவில்லை. விருந்தாளியிடம் யாரும் இப்படிச் சண்டைக்கு வரமாட்டார்கள். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு வைத்திருக்கும் ஆளிடம் உன் வண்டியை எங்களுக்குத் தெரியாதா என்று கேட்கமாட்டார்கள். அந்த அக்கா என்னை நீ என்றார். என் ஓட்டும் அவருடைய ஓட்டும் ஒன்றுதான் என்பதால் என்னை ஜெயித்தாக வேண்டியிருந்தது அவருக்கு.

அதோடு பாம்பைப் பற்றி அவர் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. நாலரை மணிக்கு நான் போர்வைக்குள் இருப்பேன். அந்த நேரத்தில் ஊரில் பாதிப் பெண்கள் இருட்டில் குடத்தோடு நிற்கிறார்கள் என்பது எனக்குப் பன்னிரண்டு வருடத்தில் தெரியாமல் போயிருக்கிறது.

தலைவர் கையை உயர்த்தச் சொன்னார். வளைவுக்கு என்றபோது பதினேழு கைகள் எழுந்தன. அதில் ஒன்று என் கணவருடையது. தண்ணித் தொட்டிக்கு என்றபோது காடாகக் கைகள் எழுந்தன. நானும் என் கையைத் தூக்கினேன். என் கணவர் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். தீர்மானம் நிறைவேறியது என்று செயலர் எழுதிக்கொண்டார்.

கூட்டம் கலைந்து டீ குடிக்கும்போது அந்த அக்கா நேராக என்னிடம் வந்தார். கொஞ்சம் சங்கடத்தோடு பழையபடி, "தப்பா நெனச்சுக்காதீங்க, வேகத்துல பேசிப் போட்டனுங்க" என்றார்.

"அக்கா, அந்த ங்க மட்டும் வேண்டாம். அப்படியே பேசுங்க" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படீன்னா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. அந்த மரவள்ளிக் கிழங்குப் பலகாரம் போன பொங்கலுக்கு முந்துன பொங்கலுக்குக் குடுத்துவுட்டியே, வாயில வெக்க முடியலை. ஆட்டுக்குத்தான் போட்டேன்."

நான் சிரித்த சிரிப்பில் டீ சேலையில் கொட்டியது.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் கணவர் உம்மென்று வந்தார். "உனக்காகத்தான நான் கையைத் தூக்குனேன். நீ அந்தப் பக்கம் போயிட்ட" என்றார். உங்கள் ஓட்டு உங்களுடையது, என் ஓட்டு என்னுடையது என்றேன். இதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவருக்குப் புரியவில்லை. பனி முழுவதும் விலகி வெயில் நன்றாக ஏறியிருந்தது. இரண்டு பக்கமும் வெங்காயத் தாள் பச்சைப்பசேலென்று நின்றது. வழியில் பார்த்த ஒவ்வொரு வீட்டையும், ஒவ்வொரு மின்கம்பத்தையும், பள்ளம் விழுந்த அந்த ரோட்டையும்கூட, இதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ரோடு சரியில்லாததற்கு இனி நானும் வெட்கப்பட வேண்டும் என்று தோன்றியது, அதுவும் பிடித்திருந்தது.

பங்குனியில் தொட்டிக்கு அருகே விளக்கு வந்தது. வளைவில் இன்றைக்கும் இருட்டுதான், நான் மெதுவாக ஓட்டப் பழகிக்கொண்டேன். மே தினத்துக் கிராம சபைக்கு அந்த அக்காவும் நானும் சேர்ந்தே போனோம். பஸ் நிற்காமல் போவது, சாக்கடை, பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், ரேஷன் கடை நேரம் என்று நான்கு விஷயம் பேசுவதாக முடிவு செய்திருந்தோம். போகிற வழியிலேயே மூன்றில் எங்களுக்குள் கருத்து வேறுபட்டு, தனித்தனியாகப் போய் உட்கார்ந்தோம்.