லிமசோலில் பால் காய்ச்சிய நாள்

சைப்ரஸ் தீவில் குளிர்காலம் என்றால் வாசலில் பனி கொட்டிக் கிடக்கும் என்று சொல்லித்தான் ஆரணியிலிருந்து என்னை அனுப்பினார்கள். லிமசோல் நகரில் பனி இல்லை, மழைதான் பெய்தது. தரை முழுக்க ஓடு பதித்த வீடு என்பதால் வெளியைவிட உள்ளே குளிர் அதிகம். சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டர் ஒன்றை அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போவோம். தெருவோர மரங்களில் ஆரஞ்சுகள் பழுத்து, யாரும் தொடாமல் நடைபாதையில் விழுந்து கிடந்தன. ஒன்றை உரித்து வாயில் போட்டதும் காரணம் தெரிந்தது. அப்படியொரு கசப்பு.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. கணவருக்கு அங்கே கப்பல்களுக்குச் சாமான் வாங்கி அனுப்பும் அலுவலகத்தில் வேலை. எனக்கு வேலூரில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர் வேலை. ஆரணியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். கல்யாணமாகி முதன்முறையாக அவருடன் இருக்க மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்டேன். தை பிறந்ததும் வந்து உட்கார வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்றார் செய்தி ஆசிரியர். கணவரிடம் அதைச் சொன்னேன். சரி என்றார்.

ஞாயிறுதோறும் ஓர் இடம் பார்க்கப் போவோம். கோட்டை, பழைய அரங்கம், தரையில் வண்ணக் கற்களால் படம் பதித்த வீடுகள். லார்னகா ஊரை ஒட்டி ஓர் உப்பு ஏரி இருக்கிறது. கோடையில் வறண்டு வெள்ளையாகக் கிடக்குமாம். நாங்கள் போனபோது முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீரும், நடுவில் நூற்றுக்கணக்கில் பூநாரைகளும் இருந்தன. அரைக்கைச் சட்டையில் உலவிய இங்கிலாந்துக் கிழவர்கள் எங்கள் ஸ்வெட்டர்களைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். நான் நோட்டை எடுத்துக் குறிப்பெழுதினேன். திரும்பியதும் ஞாயிறு மலரில் ஆறு வாரம் எழுதுவதாக ஏற்பாடு.

"நம்ம ஊரு ஏரியில கொக்கு நின்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டே. இங்க ஒரு மணி நேரமா எழுதிகினு இருக்கே" என்றார் கணவர்.

"நம்ம ஊரு கொக்கு ரோஸ் கலர்ல இல்லியே."

"சாயம் போட்டுட்டா போச்சு. ஆரணிப் பட்டுல இல்லாத சாயமா?"

அவர் நன்றாகப் பேசுவார். அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன்.

மார்கழி தொடக்கத்தில், கப்பலில் சேர வந்த ஒருவர் கையில் மாமியார் புது வருஷத்துத் தினசரிக் காலண்டர் கொடுத்தனுப்பினார். அதில் தை மூன்றாம் தேதித் தாளில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது.

"இன்னாங்க இது? ஊருக்குப் போற டிக்கெட் தேதியா?"

"ம். நாளு நல்லா இருக்குதுன்னு அம்மா சொன்னாங்க."

அன்று மாலையே பெட்டியில் பாதியை அடுக்கினேன்.

வீட்டுக்காரம்மா கீழ்த்தளத்தில் இருந்தார், தனி ஆள். நன்றாக ஆங்கிலம் பேசுவார். மார்கழி பாதியில் ஒருநாள் ஆலிவ் வைத்துச் சுட்ட ரொட்டியோடு மேலே வந்தார். நாங்கள் காலி செய்வதில் வருத்தம் என்றார். புது வீட்டில் சுவருக்குள்ளேயே ஹீட்டர் இருக்கிறதாமே, இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருப்பதாக உன் கணவர் சொன்னாரே என்றார். பிறகு அவருக்கு ஒரு சந்தேகம். இந்த மாதத்தில் உங்கள் ஆட்கள் வீடு மாற மாட்டார்களாமே, அது என்ன மாதம்?

மார்கழி என்றேன். விளக்கமும் சொன்னேன். ரொட்டிக்கு நன்றி சொன்னேன்.

கணவர் அலுவலகத்திலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்வரை காத்திருந்தேன்.

"தை மூணு டிக்கெட்டுன்னீங்களே?"

"நீ கேட்டே. நான் ம்-னேன்." சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "புது வீட்ல பால் காய்ச்ச அம்மா பாத்த நாளு அது. கடைசி நிமிஷத்துல சொல்லலாம்னு இருந்தேன்."

"என் வேலை?"

"அதான் முடிஞ்சி போச்சே" என்றவர், சொன்னதும் ஷூவைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

மறுநாள் போன் கார்டு வாங்கி வேலூருக்குப் பேசினேன்.

"என்னாம்மா, அங்கியே செட்டிலாயிட்டீங்க" என்றார் செய்தி ஆசிரியர். "உங்க லெட்டர் வந்து மூணு வாரமாவுது. வேற பொண்ணு சேந்துடுச்சு."

கடிதத்தைப் படிக்கச் சொன்னேன். குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பணியிலிருந்து விலகுகிறேன் என்று நான்கு வரி.

"கையெழுத்து?"

"உங்களுதுதாம்மா. தினம் பாத்த கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

என்னுடையதுதான். எங்கள் ஊரில் தறிக்காரர்கள் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு, தறிக்குப் பட்டு நூல் கொடுக்கும் முதலாளியிடம் வைத்துவிடுவார்கள். விண்ணப்பம், சான்று என்று எது கேட்டாலும் அவர் எழுதிக்கொள்வார். இவர்கள் தறியை விட்டு எழுந்து அலைய வேண்டாம். அதில் உள்ள ஆபத்தைப் பற்றி நானே ஒரு செய்தி எழுதியிருக்கிறேன். புறப்படும் முன், ஒருவேளை விடுப்பை நீட்ட வேண்டியிருந்தால் உதவும் என்று, கையெழுத்துப் போட்ட வெள்ளைத் தாள் இரண்டை அப்பாவிடம் கொடுத்திருந்தேன். முதலாளியிடம் கொடுப்பது வேறு, அப்பாவிடம் கொடுப்பது வேறு என்று நினைத்தேன்.

கார்டில் மீதியிருந்த நிமிடங்களில் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அந்தத் தாள்ல இன்னா எழுதினீங்கப்பா?"

"மாப்ள போன் பண்ணாரு. சம்பந்தியம்மா நேர்லயே வந்துட்டாங்க. நான் இன்னா பண்ணுவேன்?"

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"பண்ணா நீ வேணாம்னுவியே."

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. நிருபர்களுக்கு இவ்வளவு நேரான பதில் அரிதாகத்தான் கிடைக்கும்.

அடுத்த ஞாயிறும் போனோம். துரோதோஸ் மலையில் நிஜமாகவே பனி கிடந்தது. கையுறை போடாமல் அள்ளினேன், விரல்கள் மரத்துப்போயின. பைன் மரத்தடியில் நிறுத்திச் சிரிக்கச் சொன்னார். அந்தப் படத்தில் நான் சிரித்திருக்கிறேன். நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

தை மூன்றாம் நாள் காலை புது வீட்டுக்குப் போனோம். ஜன்னலில் கடல் தெரிந்தது. கட்டிலும் நாற்காலியும் இன்னும் வரவில்லை. அடுப்பு மேடையில் சின்னச் சாமி படம், வெற்றிலைக்குப் பதில் எலுமிச்சை இலை, ஒரு லிட்டர் பால். ஆரணியில் மாமியார் போனில் காத்திருந்தார். பால் பொங்கி வழிந்தால்தான் குடிபுகுந்ததாகக் கணக்கு. கணவர் ஒரு கையில் செல்போனும் ஒரு கையில் கேமராவுமாக நின்றார்.

பால் விளிம்பு வரை ஏறியது. நான் அடுப்பை அணைத்தேன். நுரை அப்படியே உள்ளே இறங்கியது. அவர் என்னைப் பார்த்தார்.

"இன்னாடா, பொங்கிச்சா?" என்ற குரல் எனக்கும் கேட்டது.

"பொங்கிச்சும்மா. நல்லாப் பொங்கிச்சு."

யோசிக்க ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வாரமாக எனக்குப் பதில் சொன்ன அதே குரல், அதே நிதானம். கேமராவைக் கீழே வைக்கக்கூட இல்லை.

போனை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"பொங்கலைங்க அத்தை. நான்தான் அணைச்சிட்டேன். எங்கப்பாகிட்டயும் சொல்லிடுங்க."