கருத்தம்மாளின் கடலை மணல்

போடி பஸ் ஸ்டாண்டில் கருத்தம்மா கடலை வறுத்தால், போடிமெட்டு மலை ஏறிக்கொண்டிருக்கிற ஜீப்பு வாசத்துக்குத் திரும்பி வரும். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். ஆனால் சிலமலை ஊரில் என் கிணற்றுத் தண்ணீர் அவள் கொடுத்தது என்பதில் ஒரு சொட்டுக்கூடப் பொய்யில்லை.

எழுபத்தெட்டாம் வருசம் அந்தக் கிணற்றை வெட்டினோம். கருத்தம்மா பகலில் அங்கே மண்கூடை சுமப்பாள், சாயங்காலம் கடலை விற்பாள். நாற்பதடி போயும் ஈரமில்லை. தோசை அடுக்கினது மாதிரி களிமண் அடுக்கடுக்காக, கல்லாய் இறுகிக் கிடந்தது. கடப்பாரை தேய்ந்து தையல் ஊசியானதுதான் மிச்சம். திங்கட்கிழமைக்குள் தண்ணீர் வராவிட்டால், நிலத்தைத் தரிசு போட்டுவிட்டு நானும் என் வீட்டுக்காரி ஒச்சம்மாளும் ஏலக்காய்த் தோட்டத்துக் கூலிக்கு மலை ஏறுவதாக முடிவு. கூலியாட்களை ஏற்றிப்போகிற ஜீப்புக்காரரிடமும் சொல்லியாயிற்று.

முப்பதடியில் விரல் கனத்தில் ஒரு மணல் கோடு ஆரம்பித்திருந்தது. களிமண் அடுக்குகளை நெட்டுக்குத்தாக அறுத்துக்கொண்டு கீழே இறங்கியது. சனிக்கிழமை அது சாண் அகலமானதும் வெட்டு மேஸ்திரி மொக்கச்சாமி அலறினார்.

"மேல வெடிப்பு விட்டு மண்ணு உள்ள எறங்கியிருக்கு அப்பு! இன்னும் தோண்டுனா சுவரு நம்ம தலையில. போதும், ஏறுங்க!"

"இது மேல உள்ள மண்ணு இல்லண்ணே," என்றாள் கருத்தம்மா. "ஒரு வாரமா மடியில கட்டிட்டுப் போயி இதுலதான் கடலை வறுக்குறேன். ஒண்ணுகூடக் கருகல. நம்ம காட்டு மண்ணு செவப்பு. இது கழுவின ஆத்து மணலு."

"ஆறு எங்கிட்டுருந்து பறந்து வந்துச்சாக்கும்?"

"முப்பதடிக்கு மேல கோடே இல்லியே, பாத்தீகளா? மேலருந்து எறங்குனா மேலதான அகலமா இருக்கணும்? இது கீழ போகப் போக அகலுது. ஓரத்துல களிமண்ணும் மேல பாத்து மடங்கிக் கெடக்கு. வயச்சேத்துல மிதிச்சா வெரலிடுக்குல சேறு பிதுங்கும்ல? அப்படி அடியிலருந்து பிதுங்கி ஏறியிருக்கு. அடியில ஆத்து மணலு கெடக்கு. மணலு இருந்தா தண்ணி இருக்கும்."

"கடலைக்காரி எனக்குக் கெணறு வெட்டச் சொல்லித் தர்றா!"

"நீங்க வெட்டுன கெணத்துல குருவி குளிக்கத் தண்ணி இருக்கா?"

மேஸ்திரிக்கு ரோசம் வந்துவிட்டது. சுவருக்கு மரம் முட்டுக்கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை மறுபடி இறங்கினார். நாலடிதான். ஒரே குத்தில் கடப்பாரை பாதி உள்ளே போய்விட்டது. மணல் கொதிக்கிற கஞ்சி மாதிரி பொங்கியது, பின்னாலேயே தண்ணீர். மொக்கச்சாமி ஏறிய வேகத்தில் குரங்கு பிச்சை வாங்க வேண்டும். சாயங்காலத்துக்குள் இடுப்பளவு ஊறிவிட்டது. தேவாரம் ஊர்ப்பக்கத்துக் காட்டு யானைகள் மொத்தமும் குளிக்கலாம். சரி, ஒரு யானை.

திங்கட்கிழமை விடிந்ததும் ஜீப்பு வாசலில் ஹார்ன் அடித்தது. ஒச்சம்மாள் கட்டிய மூட்டையை அவிழ்த்து, புதுத்தண்ணீரில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். கருத்தம்மாதான் ஜீப்புக்காரர் கையில் ஒரு கடலைப் பொட்டலத்தைத் திணித்தாள்.

"இவுக வரலண்ணே. இதத் தின்னுக்கிட்டே நீங்க வெரசா போங்க."

அவளுக்குக் கைமாறாக என்ன செய்வதென்று கேட்டேன். ரெண்டு கூடை மணல் போதும் என்றாள். அந்த வருசமே கிணற்றைச் சுற்றி நிலக்கடலை விதைத்தேன். இன்றுவரை முதல் பறிப்பு அவள் சட்டிக்குத்தான் போகிறது.