பந்தயப் படகில் பொருத்திய கண்ணாடி

எங்கள் படகை முதன்முதலில் கண்டபோது அது லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு வீட்டின் பின்வளவில் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் யாரோ பூந்தொட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அத்தானின் நண்பர் ஒருவர், மதுரைப் பக்கத்திலிருந்து வந்து அங்கே மருத்துவராக இருந்தவர், எங்கோ அதைப் பற்றிக் கேள்விப்பட்டு எங்களை அழைத்துப் போயிருந்தார். ஒட்டுப்பலகையால் செய்த, இருவர் முழந்தாளிட்டு ஓட்டும் சிறிய பந்தயப் படகு அது. ரன்அபவுட் என்பார்கள். பின்பலகையில் மாட்டும் அவுட்போர்ட் மோட்டார் என்னைவிட வயதில் மூத்தது. அது கொட்டிலுக்குள் ஒரு சாக்கில் இருந்தது. அத்தான் சாக்கை விலக்கி மோட்டாரை முகர்ந்து பார்த்தார். "எடுப்பம்," என்றார்.

அது எண்பதுகளின் பிற்பகுதி. அத்தான் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்தின் வடகரையில் படகோட்டி வளர்ந்தவர், அகதியாக வந்து கிங்ஸ்பரியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்தார். விசா முடிவு இன்னும் வரவில்லை. சாப்பிடும்போதும் தொலைக்காட்சி பார்க்கும்போதும்கூட, யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்பதுபோல அவர் இருக்கையின் நுனியிலேயே இருப்பார். அந்த மாரிக் குளிர்காலம் முழுவதும் கராஜில் படகைத் தேய்த்து வார்னிஷ் பூசியபோதுதான் அவர் அப்படி இல்லாததைக் கண்டோம். இளவேனிலில் ஏரிக்குப் போகத் தொடங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேறு மனிதர்.

ஏரி லண்டனுக்கு மேற்கே, சரளைக்கல் தோண்டிய பள்ளத்தில் நீர் நிறைந்து உண்டானது. பழைய மோட்டார்ப் படகுகளுக்கென்று அங்கே ஒரு சிறிய கிளப் இருந்தது. மிதவைகளைச் சுற்றி ஓடவேண்டும். ஒருவர் சுக்கானைப் பிடிப்பார், மற்றவர் வளைவுகளில் உடம்பை உட்பக்கமாகச் சாய்த்துப் படகைப் புரளாமல் வைத்திருப்பார். எங்கள் படகில் சுக்கான் அத்தானிடம், இரண்டாமவர் அந்த மதுரை டாக்டர். கரையில் அக்காவும் நானும் இறைச்சி வைத்துப் பொரித்த ரோல்ஸும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் வைத்துக்கொண்டு மடக்குக் கதிரைகளில் அமர்ந்திருப்போம். அக்கா பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்கும் பயிற்றுநர். ஒவ்வொரு பந்தயத்தையும் பரீட்சைக்குப் போகும் மாணவியைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பாள்.

"அந்தாள் வளைவுக்குள்ள பிரேக் தேடுது பார்," என்பாள்.

"படகுக்கு ஏது அக்கா பிரேக்?"

"அதுதானே சொல்லுறன்."

அந்தக் கோடையின் கடைசிப் பந்தயத்தில், மூன்றாவது மிதவையருகே முன்னால் போன படகு கவிழ்ந்தது. இரண்டாமவர் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொள்ள, ஓட்டியவர் நீரில் விழுந்து, செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்தார். கரையிலிருந்து மஞ்சள் கொடி காட்டினார்கள். அந்தக் கொடி ஏறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், யாரையும் முந்தக்கூடாது, தடத்தை விட்டும் விலகக்கூடாது. விழுந்தவரை மீட்புப்படகு எடுக்கும். இந்த விதி எல்லோருக்கும் தெரியும், அத்தானுக்கும் தெரியும். அவர் படகைத் திருப்பினார்.

"அண்ணே, எங்க போறீங்க?" என்று டாக்டர் கத்தியது கரைவரை கேட்டது.

எதிர்த்திசையில் வந்த எங்கள் படகைக் கண்டு பின்னால் வந்தவர் சட்டென்று ஒதுங்கி நாணலுக்குள் போய்ச் செருகினார். அத்தான் மோட்டாரை நிறுத்தி, விழுந்தவரின் ஜாக்கெட்டைக் கழுத்தருகே பற்றிக்கொண்டார். மீட்புப்படகு நெருங்கியபோது எங்கள் படகு குறுக்கே கிடந்ததால் அது சுற்றி வரவேண்டியிருந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனாலும் உதவிக்குப் போனவர் உதவியைத் தாமதப்படுத்திவிட்டார். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு கிளப்பின் மரக் குடிசையில் விசாரணை. அத்தானுக்கு ஆங்கிலம் தெரியும். எனினும் இது பிசகிப்போகக்கூடாத விஷயம் என்று என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார். பட்டப்படிப்பை முடித்துவிட்டு அகதிகளுக்கான ஓர் ஆலோசனை நிலையத்தில் நான் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சொன்னதைச் சொல்லவேண்டும், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்பதே அங்கே எனக்குக் கற்பித்த முதல் விதி.

கிளப்பின் தலைவி ரப்பர் பூட்ஸ் அணிந்த முதிய பெண்மணி. கவிழ்ந்த படகிலிருந்து நீரில் விழுந்தவரும் வந்திருந்தார். அவர் முதலில் அத்தானுக்கு நன்றி சொன்னார், பிறகு விதி சரியானது என்றும் சொன்னார். தலைவி தலையசைத்துவிட்டு அத்தானிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இனி இப்படி நடந்தால் தடத்தைவிட்டு விலகமாட்டேன் என்று உறுதி கூற முடியுமா? கூறினால் விஷயம் இத்துடன் முடிந்தது.

டாக்டர் குனிந்து, "ஆமான்னு சொல்லிடுங்கண்ணே. வீட்டுக்குப் போலாம்," என்றார்.

அத்தான் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடிச் சொல்ல ஏலாது பிள்ளை. எங்கடை கடலிலை ஒரு ஆள் தண்ணிக்குள்ள கிடந்தா விட்டிட்டுப் போறேல்லை. அவையின்ரை விதி சரிதான். ஆனா அந்த நேரம் என்ரை கை என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு எப்பிடி வாக்குக் குடுக்கிறது?"

அவர் அந்த ஏரியை இழந்தால் திங்கள் முதல் ஞாயிறு வரை இருக்கையின் நுனிக்கே திரும்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும். இன்னொரு நாள் இன்னொரு படகு நாணலைத் தவறவிட்டு ஒரு மனிதரின்மேல் ஏறலாம் என்பதும் தெரியும். இரண்டையும் எடைபோட அங்கே நேரமிருக்கவில்லை, அது என் வேலையுமில்லை. அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

நேர்மையான பதில் என்றார் தலைவி. அதனாலேயே அவரிடம் சுக்கானைக் கொடுக்க முடியாது என்றார். இரண்டாமவராக ஏறுவதில் தடையில்லை.

"அப்ப ஆர் ஓடுறது?" என்றார் அத்தான்.

டாக்டர் உடனே இரண்டு கைகளையும் தூக்கினார். "என்னைப் பாக்காதீங்க. எனக்குச் சாய மட்டும்தான் தெரியும்."

பிளாஸ்கோடு வாசலில் நின்ற அக்கா, "நான் ஓடுறன்," என்றாள்.

"நீரோ? மிதவைக்கு மிதவை சிக்னல் போடுவீர்."

"போட்டால் என்ன? பின்னால வாறவைக்கு உதவியா இருக்கும்."

அடுத்த மாரி முழுவதும் கராஜில் அவர்களுடைய வாக்குவாதம் கேட்டுக்கொண்டிருந்தது. பயிற்றுநர்கள் காரில் பின்னால் வருவதைப் பார்க்கக் கூடுதலாக ஒரு கண்ணாடி மாட்டியிருப்பார்கள். அக்கா அப்படியொரு பழைய கண்ணாடியைக் கொண்டுவந்து படகின் முன்பலகையில் திருகாணியால் இறுக்கினாள். அத்தான் கேலி செய்தார். "இந்த மோட்டாரின்ரை குலுக்கத்திலை அதுக்குள்ள ஒண்டும் தெரியாது. பவுடர் போடத்தான் சரி."

"கண்ணாடி இல்லாமல் நான் ஒண்டும் ஓடுறேல்லை," என்றாள் அக்கா.

இளவேனிலில் அவள் ஏரியில் பழகினாள். நிதானமாக ஓடினாள், தடத்தை ஒரு முழம்கூட விட்டு விலகவில்லை. பெரும்பாலும் நடுவில்தான் முடித்தோம். அத்தான் முணுமுணுத்தாலும் வளைவுகளில் உயிரைக் கொடுத்துச் சாய்ந்தார். தண்ணீர் முகத்தில் அடித்துக் கரைக்கு வரும்போது சிரித்துக்கொண்டிருப்பார். கரையில் டாக்டர் என் பக்கத்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டு ரோல்ஸுக்குக் காவலிருந்தார்.

கோடை நடுவில் ஒரு பந்தயத்தில், எங்களுக்குப் பின்னால் வந்த படகிலிருந்து ஒருவர் நீரில் தூக்கி எறியப்பட்டார். மஞ்சள் கொடி ஏறியது. டாக்டர் எழுந்து நின்றார், நானும் எழுந்துவிட்டேன். எங்கள் படகு வேகம் குறைந்து, ஆனால் நேராகவே போனது. அத்தான் அக்காவின் தோளைத் தொடவில்லை, சுக்கானிலும் கை வைக்கவில்லை. முழந்தாளிட்டபடியே முழுதாகப் பின்புறம் திரும்பிவிட்டார். அடுத்த வளைவில் சாய ஆளில்லாமல் படகு அகலமாக விலகத் தொடங்கியது.

"இஞ்சாருங்கோ, சாயுங்கோ" என்ற அக்காவின் குரல் தண்ணீரின்மேல் வந்தது. அத்தான் அசையவில்லை. அக்கா இன்னும் மெதுவாக்கி, அந்த வளைவைத் தனியாகச் சமாளித்தாள். இரண்டு படகுகள் எங்களைவிட உட்பக்கமாக நெருங்கி வந்தன. மீட்புப்படகு போய்ச் சேர்ந்தது. அதன் விளிம்பின்மேல் ஒரு கை உயர்ந்தது. அதன் பிறகுதான் அத்தான் முன்பக்கம் திரும்பினார். பச்சைக் கொடி காட்டிப் பந்தயம் மறுபடி தொடங்கியதும் அந்த இரண்டும் எங்களைத் தாண்டிப் போயின.

கடைசிக்கு முந்தியவர்களாக வந்தோம். படகை ட்ரெய்லரில் ஏற்றினார்கள். அத்தான் கயிற்றை இறுக்கியபடி, ஏறக்குறையத் தனக்குத்தானே கேட்பதுபோல, "நீர் ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை என்ன?" என்றார்.

அக்கா ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வடிவா ஒண்டும் தெரியேல்லைத்தான். ஆனா ஜாக்கெட்டின்ரை நிறம் தெரியும். அது தண்ணியை விட்டு மேலை போகுமட்டும் அதைத்தான் பாத்துக்கொண்டு ஓடினனான்."

அத்தான் கயிற்றை விட்டுவிட்டு வந்து, அந்தக் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நின்றார். பிறகு திருகாணியை விரலால் அசைத்துப் பார்த்து, "இது இளகிக் கிடக்கு," என்று பெட்டியில் திருப்புளியைத் தேடினார்.